மற்றும் குழுவினர்

2021 ஆகஸ்டில் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டைக்காக நாமெல்லாம் சண்டை போட்டோம். நியாயமான சண்டைதான். ஆனால் பாதியிலேயே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டோம். மீதிச் சண்டையை இப்போதாவது போட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்த மாத அட்டையில் பாடகி தீயையும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' என்ற இரண்டு பாட்டையும் சொல்லித்தான் இருவரையும் அறிமுகப்படுத்தியது. முதல் பாட்டை எழுதி, தீயோடு சேர்ந்து பாடியவர் அறிவு. இரண்டாவது பாட்டின் பாடலாசிரியரும் அறிவுதான். அட்டையில் அறிவு இல்லை. அறிவு மறுபடியும் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கப்பட்டிருக்கிறார் என்று பா. ரஞ்சித் ட்விட்டரில் எழுதினார். ஊரே பேசியது. சில நாட்களில் அதே பத்திரிகை அறிவை வைத்து ஒரு டிஜிட்டல் அட்டையை வெளியிட்டது. நாமும் ஜெயிச்சாச்சு என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

அட்டையை ஆதரித்தவர்களின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டுரை மாஜ்ஜா என்ற இசை நிறுவனத்தையும், அந்த இருவரின் ஆல்பங்களையும் பற்றியது என்றார்கள். தீயும் ஷானும் இலங்கையிலிருந்து சிதறிப்போன தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். இன்னொருவரின் இடத்தைத் தட்டிப் பறித்தார்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனசில்லை. 'எஞ்சாயி எஞ்சாமி'யில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அதை உருவாக்கியவர்களுக்குள்ளேயே 2022இல் கருத்து வேறுபாடு வெளியே வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் சொன்னார். அந்தப் பஞ்சாயத்துக்கெல்லாம் நான் நாட்டாமை இல்லை.

என் கேள்வி வேறு. ஒரு முகம் விடுபட்டது, அப்புறம் சேர்க்கப்பட்டது. சரி. அந்த முகத்தை விட்டுவிடச் சொன்ன பக்க வடிவம் மாறியதா? படத்தை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறார்கள், யார் பெயரைப் போடுகிறார்கள், யாரை 'குழு' என்று முடித்துவிடுகிறார்கள் என்பதில் ஏதாவது மாறியதா? மாறவில்லை. ரோலிங் ஸ்டோனை விடுங்கள், அது பம்பாயில் இருக்கிறது. நம்ம தமிழ்ப் பத்திரிகைகளில், நாம் தினமும் செல்லில் தள்ளித் தள்ளிப் படிக்கிற இணைய இதழ்களில் மாறியதா? அங்கும் இல்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நான் பக்கம் கட்டுகிற ஆள். வாடிப்பட்டியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், விசிட்டிங் கார்டு, இதுதான் பிழைப்பு. வாடிப்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேளம்தான் ஞாபகம் வரும். சினிமாப் பாட்டில் எங்கள் ஊர்ப் பெயர் வந்தால் பின்னாலேயே மேளமும் வரும். அதனால் எங்கள் கடைக்கு மேள செட்டுக்காரர்கள் வராத மாதம் இல்லை. நையாண்டி மேளம், தப்பு செட்டு, உறுமி செட்டு என்று பலரும் வருவார்கள். வந்து உட்கார்ந்து, தங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் எந்த இசைப் பத்திரிகை ஆசிரியரும் கேட்டிராத ஒரு விஷயத்தை நான் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர்கள் என்ன கேட்கிறார்கள்? எனக்குத் தெரிந்து எந்த செட்டுத் தலைவரும் குதிக்கிற படத்தைக் கொடுத்ததில்லை. நானாக இணையத்தில் தேடி, தலையில் துண்டு கட்டி வேர்வையோடு காற்றில் எகிறி நிற்கிற ஒரு படத்தை வைத்தால், "அதை எடுத்துருப்பா தம்பி, யாரோ கேதத்துல எடுத்த படம் மாதிரி இருக்கு. நான் ஸ்டூடியோவுல எடுத்தது தர்றேன்" என்பார்கள். ஸ்டூடியோ படத்தில் வெள்ளைச் சட்டை இருக்கும். பாக்கெட்டில் பேனா இருக்கும். நேராகப் பார்க்கிற முகம். சிலர் கழுத்தில் செயின் தெரிகிற மாதிரி பட்டனைத் திறந்துவிட்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே பெயர், அப்பா பெயர், ஊர், ரெண்டு போன் நம்பர். "கேதத்துக்கும் போவோம்தான், ஆனா கார்டுல அதைப் போட வேணாம்" என்பார்கள். சாவுக்கு அடிப்பது என்பது இன்னாருடைய வேலை என்று சாதி பார்த்துத் தலையில் கட்டப்பட்ட ஊர்களில், கார்டிலிருந்து அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்வது சின்ன விஷயமில்லை. பல தலைமுறையாக நெற்றியில் ஒட்டியிருந்த படக்குறிப்பைக் கிழித்துப் போடுவது அது.

இப்போது நம்ம பத்திரிகைப் பக்கத்துக்கு வாருங்கள்.

மார்கழியில் சென்னை சபாக்களின் நிகழ்ச்சி அறிவிப்பைப் பாருங்கள். வாய்ப்பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார், கடமோ கஞ்சிராவோ இருந்தால் அவரும் இன்னார். ஒவ்வொரு ஆளும் தன் பெயரோடும் தன் வாத்தியத்தோடும் தனி வரியில் இருக்கிறார். 'பக்கவாத்தியம்' என்ற சொல்லே ஒரு பக்க வடிவமைப்புதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வரி உண்டு என்று அது சொல்கிறது. இது நல்ல பழக்கம். இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே பத்திரிகையைத் தை மாதம் எடுத்துப் பாருங்கள். பொங்கல் இதழில் பறைப் படம் கட்டாயம் இருக்கும். பத்துப் பேர் அடிப்பார்கள். கீழே: 'பறையாட்டம்'. அல்லது 'அதிரும் பறை'. கொஞ்சம் தாராள மனசு இருந்தால் செட்டுத் தலைவர் பெயரைப் போட்டு, 'மற்றும் குழுவினர்'. பத்துப் பேரில் ஒன்பது பேர் இந்த ரெண்டு வார்த்தைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒன்பது பெயரை அச்சடிக்க எவ்வளவு இடம் ஆகும்? பத்துப் பாயிண்டில் மூணு வரி. இடப் பற்றாக்குறை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நான் தாய்மாமன் சீர் ப்ளெக்ஸில் நாற்பது சொந்தக்காரர் பெயரையும், முப்பது முகத்தையும், ரெண்டு சாமி படத்தையும், ஒரு நடிகர் படத்தையும் ஏற்றியவன். மனசிருந்தால் இடமிருக்கும்.

பெயர் போடாததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். பிழைப்பு கெட்டது. பெயர் தெரிந்தால்தான் அடுத்த ஊர்க்காரன் தேடி வருவான். தவில்காரரின் கை நன்றாக இருந்தது என்று தோன்றினால் அந்தத் தவில்காரரைக் கேட்டு வாங்க வேண்டும். 'குழுவினர்' என்றால் யாரைக் கேட்பது? சபா அறிவிப்பில் வயலின்காரர் பெயர் இருப்பதால் அடுத்த வருஷம் அவருக்குத் தனிக் கச்சேரி கிடைக்கும். பெயரே இல்லாத உறுமிக்காரர் கடைசிவரை இன்னொருவர் செட்டில் கூலிக்கு உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். படக்குறிப்பு என்பது அழகு சமாச்சாரம் இல்லை. வருமான சமாச்சாரம்.

படத்துக்கும் இதே கதைதான். கர்நாடக இசைக் கலைஞரை எப்படிப் படம் எடுக்கிறார்கள்? பாதி மூடிய கண். காற்றில் ஒரு விரல். பின்னால் மங்கலான தம்புரா. அந்த ஆள் யோசிக்கிறார் என்று நமக்குத் தோன்ற வேண்டும். பறைக் கலைஞரை எப்படி எடுக்கிறார்கள்? திறந்த வாய், தெறிக்கிற வேர்வை, பின்னால் தீ. அந்த ஆள் கொதிக்கிறார் என்று தோன்ற வேண்டும். ஒருவருக்கு மூளை. இன்னொருவருக்கு உடம்பு. தாளத்தை உடைத்துக் கணக்குப் பண்ணி, நாலு பேர் நாலு விதமாக அடித்து ஒரே இடத்தில் வந்து சேர்வதற்கு மூளை வேண்டாமா? அந்த மூளை வேலை செய்கிற நேரத்தில் யாரும் கேமராவைத் தூக்குவதில்லை. குதித்தால்தான் தூக்குகிறார்கள்.

கலைஞர்களுக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப் வெட்டிக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்றார். நாகசுரக்காரர் சட்டையில்லாமல் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. அதை ஒரு பெரிய மனிதரின் ஆடம்பரமாக மட்டும் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு கலைஞன் தன் படத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டதாகப் படுகிறது. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையில் தன் முதல் கச்சேரிக்கு மேடையேறியபோது கோட்டு சூட்டோடுதான் ஏறியது. கானாவும் பறையும் பாடுகிற பையன்களிடம் ரசிகர் எதிர்பார்த்த உடை அதுவா? இல்லை. அதனால்தான் போட்டார்கள். அம்பேத்கரின் கோட்டை அறிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ராஜரத்தினம் பிள்ளையின் ஷெர்வானி, கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் கோட்டு, எங்கள் கடைக்கு வருகிற செட்டுத் தலைவரின் வெள்ளைச் சட்டை, மூன்றும் ஒரே துணியில் தைத்தவை. 'நீ பார்க்க ஆசைப்படுகிற மாதிரி நான் நிற்க மாட்டேன்' என்று மூன்றும் சொல்கின்றன.

பக்கத்தை வடிவமைப்பவர்கள் இதைக் கவனிக்காமல் இருப்பது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை 1942இல் கறுப்பின மக்கள் கேட்கிற பாட்டுகளுக்குத் தனிப் பட்டியல் போட்டபோது அதற்கு ஒரு பேட்டையின் பெயரை வைத்தது: 'ஹார்லம் ஹிட் பரேட்'. 1945இல் அது 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' ஆனது. 1949இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று பெயரை மாற்றினார்கள். பேட்டை, அப்புறம் இனம், கடைசியில்தான் இசை. ஒரு மக்களின் பாட்டை இசை என்று கூப்பிடுவதற்கு ஒரு பத்திரிகைக்கு ஏழு வருஷமும் மூணு தலைப்பும் ஆகியிருக்கிறது. பெட்டி மட்டும் தனியாகவே இருந்தது. நாம் 'கிராமியம்', 'நாட்டுப்புறம்', 'ஃபோக்', 'குத்து' என்று பெட்டி பெட்டியாகக் கட்டி வைத்திருக்கிறோமே, அந்தப் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பது இசையின் பெயரா, அதை வாசிக்கிறவன் குடியிருக்கிற தெருவின் பெயரா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ரோலிங் ஸ்டோனையே எடுத்துக்கொள்வோம். 1967இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜேன் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் தொடங்கிய பத்திரிகை. முதல் அட்டையில் ஜான் லென்னன். அதன் அட்டையில் வருவதுதான் ராக் இசை என்று உலகம் நம்பிய காலமெல்லாம் இருந்தது. 2023இல் வென்னர் தன் பேட்டிகளைத் தொகுத்து 'தி மாஸ்டர்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். ஏழு பேர். ஏழு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். ஏன் என்று நியூயார்க் டைம்ஸ் கேட்டது. பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் அந்த அளவுக்குத் தெளிவாகப் பேசக்கூடியவர்களாக இல்லை என்கிற தோரணையில் பதில் சொன்னார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளையின் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். வயசான மனிதரின் உளறல் என்று இதைத் தள்ளிவிடலாம். நான் தள்ள மாட்டேன். அவர் வாய்விட்டுச் சொன்னதைத்தான் மற்ற பத்திரிகைகள் வாயைத் திறக்காமல் லேஅவுட்டில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. இவர்கள் யோசிப்பவர்கள், இவர்களிடம் நாலு பக்கம் பேட்டி எடு. அவர்கள் ஆடுபவர்கள், அவர்களைப் பக்கம் முழுக்கப் படமாகப் போடு. பறைப் படம் பெரிதாகத்தானே போட்டிருக்கிறோம் என்று பெருமைப்படுகிற ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: படம் பெரிதாகப் பெரிதாக, பேச்சுக்கு இடம் சின்னதாகிறது.

இனி, யாருக்காக இந்தப் பக்கமெல்லாம் என்ற கேள்விக்கு வருவோம். பத்திரிகைக்காரர்கள் உடனே கையைத் தூக்குகிற இடம் இதுதான். "வாசகர் விரும்புவதைத்தான் கொடுக்கிறோம், மேளம் அடிக்கிறவர் எங்கள் பத்திரிகையைப் படிக்கவா போகிறார்?" என்பார்கள். படிக்க மாட்டார் என்று நீங்கள் முடிவெடுத்துவிட்டு அப்படியே வடிவமைத்தால் எப்படிப் படிப்பார்? 1983இல் சென்னையில் என். பட்டாபிராமன் தொடங்கிய 'ஸ்ருதி' தென்னாட்டு இசைக்கும் நடனத்துக்கும் மரியாதையான பத்திரிகை. தமிழ்நாட்டில் பிறந்த இசையைப் பற்றித் தமிழ்நாட்டில் அச்சான அந்தப் பத்திரிகை ஆங்கிலத்தில் வந்தது. அதற்கு அவர்களுக்குக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் ஆங்கிலம் என்று முடிவான அந்த நிமிஷமே, வாசிக்கிறவர்களில் யார் தன்னைப் பற்றித் தானே படித்துக்கொள்ள முடியும் என்பதும் முடிவாகிவிட்டது. மொழியும் ஒரு லேஅவுட்தான்.

இன்னொரு பக்கம் பாருங்கள். சினிமாப் பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் சில்லறைக் காசுக்கு விற்றது. சாணித்தாள், ஒட்டாத மை, அட்டையில் கலர் பிசகிய நடிகர் முகம். நம்ம இலக்கிய ரசனைக்கு அது குப்பை. ஆனால் அதைத் திறந்தால் கதைச் சுருக்கம் இருக்கும், நடித்தவர்கள் பெயர் இருக்கும், பாட்டு முழுசாக இருக்கும். அதை வடிவமைத்தவன் தன் வாசகனை என்னவென்று நினைத்தான்? பாடப்போகிறவன் என்று நினைத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனும் பாடலாம் என்று நம்பி அச்சடித்தான். வழவழ தாளில் வருகிற இசைப் பத்திரிகை தன் வாசகனை அமைதியாக உட்கார்ந்து ரசிப்பவனாக நினைக்கிறது. சாணித்தாள் புத்தகம் தன் வாசகனின் தொண்டையை நம்பியது. இரண்டில் எது வாசகனை மதித்தது?

சரி, இப்போது நம் பக்கம் திரும்புவோம். 'நம்' என்று சொல்வது இந்த மாதிரி இணைய இதழ்களில் எழுதுகிற, படிக்கிற நம்மைத்தான். நாம் முற்போக்கு. நாம் பறையை இழிவுபடுத்த மாட்டோம், புகழ்வோம். புகழ்வதுதான் இப்போது பிரச்சினை. பறை பற்றி ஒரு கட்டுரை வந்தால் முகப்புப் படம் என்னவாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சிவப்புப் பின்னணி, கறுப்பு நிழலுருவம், உயர்த்திய கை, தூரிகையால் இழுத்த மாதிரி எழுத்து. நிழலுருவத்துக்கு முகம் கிடையாது, கவனித்தீர்களா? அதே இதழில் கவிஞரின் படம் பாருங்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். கவிஞர் யோசிப்பார், பறைக்காரர் எகிறுவார். புரட்சியின் சின்னமாக இருப்பது யாருக்கும் முழுநேர வேலையாக இருக்க முடியாது. அந்த மனிதருக்கும் முழங்கால் வலி இருக்கும், பிள்ளைக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும், பக்கத்து ஊர் செட்டின் அடி பிடிக்காமல் இருக்கும். சின்னத்துக்கு இதெல்லாம் இருக்காது.

தொழிலைப் பற்றிக் கேட்கிறோமா என்றால் அதுவும் இல்லை. பறையின் சட்டம் மூணு மரத்துண்டு சேர்த்து வளையமாக்கப்படுவது. தோலைப் புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டுவார்கள். அடிப்பதற்கு முன்னால் வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்றுவார்கள். ஒரு கையில் அடிக்குச்சி, இன்னொரு கையில் சிண்டுக்குச்சி. தடிமன் வேறு, நீளம் வேறு, சத்தம் வேறு. நம்ம முகப்புப் படத்துத் தீ எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? அது சுருதி சேர்க்கிற தீ. தம்புராவின் பிருடையைத் திருகுவதற்குச் சமமான வேலை. அதை எடுத்துக் கோபத்தின் நெருப்பாக மாற்றிவிட்டோம். தம்புரா பிருடையைத் திருகுகிற படத்துக்கு 'கொந்தளிப்பு' என்று தலைப்புப் போட்டால் எவ்வளவு கோமாளித்தனமாக இருக்கும்?

வாத்தியத்தைச் செய்கிறவர் கதை இதைவிட மோசம். மிருதங்கத்துக்குப் பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் வேண்டும். அந்தத் தோலைப் பார்த்து, தொட்டு, இழுத்துக் கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். 2020 பிப்ரவரியில் வெளியீட்டு விழா. இடம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியை ரத்து செய்தது. விழா ஆசிய இதழியல் கல்லூரிக்குப் போனது. இத்தனை வருஷ மார்கழி மலர்களில் மிருதங்கம் இல்லாத பக்கம் எத்தனை? வாத்தியம் ஒவ்வொரு படத்திலும் இருந்தது. செய்தவரின் முகத்தைத்தான் சட்டகத்துக்கு வெளியே வைத்தே பழகிவிட்டோம். அவரைப் பற்றி ஒரு புத்தகம் வந்ததும் விழாவுக்கான இடமே மாறிப்போனது.

"அதான் காலம் மாறிருச்சே, எங்க பக்கத்து ஆளுக்கு பத்மஸ்ரீயே கொடுத்தாச்சே" என்று எங்கள் ஊர்க்காரர்களே சொல்வார்கள். உண்மைதான். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பறை இசைக்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்கள் பக்கம் எல்லோருக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பெயரில் உள்ள 'ஆசான்' என்ற சொல்லைப் பாருங்கள். கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொடுக்க ஒரு பாடம் இருக்கிறது, அதற்கு ஒரு முறை இருக்கிறது என்று அந்த ஒரு சொல் சொல்கிறது. ஆனால் ஒரு ஆசானுக்கு விருது கொடுத்துவிட்டு மற்ற எல்லோரையும் 'குழுவினர்' என்று வைத்துக்கொள்வதுதான் ரோலிங் ஸ்டோன் செய்த ரெண்டாவது அட்டை வேலை. ஒரு நாற்காலியைக் கூட்டிப் போட்டுவிட்டுப் பந்தி முறையை அப்படியே வைத்திருப்பது.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்றால், சொல்கிறேன். எல்லாம் நாளைக்கே செய்யக்கூடியவைதான்.

முதலில் பெயர். படத்தில் எத்தனை முகமோ அத்தனை பெயர், பக்கத்தில் வாத்தியம், ஊர். இருபது பேர் இருந்தால் இருபது பெயர். 'மற்றும் குழுவினர்' என்ற சொல்லை அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்தப் படத்தைப் போடாதீர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி படத்தைப் போட்டு 'பாடும் பெண்' என்று எழுதுவீர்களா?

ரெண்டாவது படம். எந்தப் படத்தைப் போடலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். ஸ்டூடியோ படம் கொடுத்தால் மூஞ்சியைச் சுளிக்காதீர்கள். 'இயல்பாக இல்லை' என்று உங்கள் புகைப்படக்காரர் சொல்வார். யாருக்கு எது இயல்பு என்பதை அவர் எப்போது முடிவு பண்ண ஆரம்பித்தார்?

மூணாவது விமர்சனம். இதுதான் முக்கியம். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் விகடனில் கச்சேரி விமர்சனம் எழுதிய காலத்திலிருந்து, மாலி வித்வான்களைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து சிரிக்க வைத்த காலத்திலிருந்து, சுப்புடுவின் பேனாவுக்கு மேடையே பயந்த காலம்வரை, ஒரு சாராரின் இசைக்குத் தமிழில் கிண்டலும் திட்டும் தாராளமாகக் கிடைத்திருக்கின்றன. கிண்டல் செய்ய முகம் தெரிய வேண்டும், திட்டுவதற்குக் கேட்க வேண்டும். ஒரு பறை நிகழ்ச்சியைப் பற்றி, மூணாவது ஆள் பின்தங்கினார், ரெண்டாவது அடியில் வேகம் கூடிப்போச்சு என்று எழுதிய விமர்சனம் ஒன்று காட்டுங்கள். கிடைப்பதெல்லாம் 'அதிர்ந்தது', 'நரம்பு புடைத்தது', 'மண் மணம் கமழ்ந்தது'. குறை சொல்லத் தெரியாத அளவுக்குத்தான் காது கொடுத்திருக்கிறோம். டீக்கடையில் எங்கள் செட்டுக்காரர்கள் ஒருத்தர் அடியை இன்னொருத்தர் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறார்களே, அந்தப் பேச்சுக்கு ஒரு பத்தி கொடுங்கள். எங்கள் வாசகருக்குப் புரியாது என்பீர்கள். ராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும் போடும்போது புரியுமா புரியாதா என்று கேட்டீர்களா?

கடைசியாக, இதழ் வந்ததும் படத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இணைய இதழ் என்றால் வாட்ஸப்பில் ஒரு லிங்க். அவர்கள் படிப்பார்கள். படித்துவிட்டு, 'தம்பி, இந்த இடம் தப்பா எழுதிருக்கீங்க' என்று கூப்பிடுவார்கள். அந்தப் போன் வருகிற நாளில்தான் அவர்கள் உங்கள் படப்பொருளாக இருப்பதை விட்டு உங்கள் வாசகராக ஆகிறார்கள். அட்டையில் யார் முகம் என்ற சண்டையைவிட, அந்தப் போனை எடுக்கிற தைரியம் ஆசிரியருக்கு இருக்கிறதா என்பதைப் பற்றி நாம் சண்டை போட்டிருக்க வேண்டும்.

அடுத்த தை மாதத்துக்கு எப்படியும் பறைப் படம் தேடுவீர்கள். தேடுங்கள். படத்தை இறக்குவதற்கு முன்னால் அதில் இருக்கிறவர்களிடம் பெயர் கேளுங்கள். நம்பர் இல்லையே என்று சொல்ல முடியாது. அவர்கள் கார்டில் ரெண்டு நம்பர் இருக்கிறது.